இரண்டாவது எடை

லாபிஸ் ஆலையின் எடைமேடையில்
அம்மாவுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது.
கண்ணாடியில் கையகல ஓட்டை.
அதன் வழியாகத்தான் லாரிக்காரர்கள் சீட்டு வாங்குவார்கள்.
அதன் வழியாகத்தான் நானும் சொன்னேன்.

படிப்பு விடுமுறை என்று வந்து பத்தொன்பது நாள்.
பத்து பகாட்டில் தேர்வே முடிந்துவிட்டது.

சோற்று டப்பாவை உள்ளே தள்ளிவிட்டு
"அம்மா, எனக்குத் தூக்கம் வரலை" என்றேன்.
"மத்தியானத்திலயா?"
"ரெண்டு மாசமா."

லாரி வந்தது.
விளிம்புக்கு மேலே முள்ளும் சிவப்புமாய்ச் செம்பனைக் குலைகள்.
முப்பத்தோராயிரத்து நானூற்று இருபது கிலோ.
"கக் வாசுகி, செப்பாட் சிகிட்!"
சீட்டு கிழிந்தது. லாரி நகர்ந்தது.
"ஃபோனையே பார்த்துட்டிருந்தா எப்படி வரும்?"

நான் பதில் தேடுவதற்குள் இன்னொரு லாரி.

என்னிடமும் சொல் இல்லை.
மனச்சோர்வு என்பது ஞாயிறு பத்திரிகையின் சொல்,
சோற்றுக்கு நடுவே அதை யாரும் சொன்னதில்லை.
வீட்டில் இருப்பவை வேறு:
சோம்பேறி, காத்து கருப்பு, கண்ணு பட்டுடுச்சு,
கொஞ்சம் வெளியே போயிட்டு வாயேன்.

பல்கலைக்கழகத்தில் இருந்தது மலாய்ப் படிவம்.
ஹக்கிமிதான் கூட்டிப்போனான்,
கிளந்தான்காரன், என் அறைத்தோழன்.
இரண்டு நாள் நான் கட்டிலைவிட்டு இறங்காதபோது
ஒன்றும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் என் செருப்பைக் கதவருகே எடுத்துவைத்து
"நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்" என்றான்.
இருந்தான், தன் வகுப்பை விட்டுவிட்டு,
இரண்டு மணி நேரம் குவாச்சி கொறித்துக்கொண்டு.

ஒருபோதும் இல்லை, சில நாட்கள், ஏறக்குறைய தினமும்.
கட்டம் கட்டமாய்க் கோடு போட்டுக்கொண்டே போன பேனா
கடைசிக் கேள்வியில் நின்றது.
நின்றதை ஆலோசகர் பார்த்துவிட்டார்.
நேராகவே கேட்டார். நானும் நேராகவே சொன்னேன்.
ஓர் எண்ணை எழுதித் தந்தார்,
இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்களாம்.
ஒருமுறை எடுத்தார்கள்.

இதையெல்லாம் கையகல ஓட்டையில் எப்படித் தள்ளுவது?

முதல் லாரி காலியாகத் திரும்பி வந்து ஏறி நின்றது.
பதினோராயிரத்து அறுநூறு.
அம்மா கழித்தாள்.
சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கணக்கு:
ஏற்றி வருகையில் சுமை எவ்வளவென்று
மேடைக்குத் தெரியாது,
இறக்கிவிட்டு வந்து இன்னொரு முறை நிற்கவேண்டும்.
அன்றைக்கு அது உவமையாகவெல்லாம் படவில்லை.
மழை வரப்போகிறது, கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

"அம்மா, பரீட்சைக்குப் போகலை. மூணு பேப்பர்."

அவள் கை சீட்டின் மேலேயே நின்றுவிட்டது.
படிப்புக் கடனைக் கேட்பாள்,
மாமா மகனின் பட்டமளிப்புப் படத்தைக் கேட்பாள்
என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.
அவள் எழுந்து பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள்.
பதினேழு வருஷத்தில், லாரி நிற்கும்போது
அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

"உள்ள வா யுகேன். ஏர்கான் இருக்கு."

வெளியே ஹாரன். அதன் பின்னால் இன்னொரு ஹாரன்.
"துங்கு!" என்று கத்தினாள்
மொத்த வரிசைக்கும்.

பிறகு அவள் அதிகம் பேசவில்லை.
பாதிச் சோற்றை டப்பா மூடியில் எடுத்து வைத்தாள்.
புரிந்ததா என்று தெரியாது.
வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம் என்பாள், போவேன்.
செவ்வாய் ஒன்பதரைக்கு அரசாங்கக் கிளினிக்கில்
பெயர் பதிந்திருப்பதையும் சொன்னேன்.
"செவ்வாயா" என்று
எண்ணெய்ப் பிசுக்கேறிய நாட்காட்டியில்
பென்சிலால் வட்டம் போட்டாள். ஒருமுறை,
அழுத்தி இன்னொரு முறை.
"மோட்டார்ல தனியா போக வேணாம். நானும் வரேன்."

ஹக்கிமிக்கு எழுதினேன்: சொல்லிட்டேன்.
பூனை ஸ்டிக்கர் ஒன்று அனுப்பினான்,
எதற்கு அனுப்புகிறான் என்று இன்றுவரை புரியாத பூனை.

வரிசை நகர ஆரம்பித்தது.
எடைமேடை அதிரும்போதெல்லாம் தண்ணீர்க் குவளை நடுங்கியது.
அம்மாவின் ஸ்டூலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து
சாப்பிட்டேன்.
கத்திரிக்காயில் உப்பு கூட.

கூட என்று தெரிந்தது.